ஸ்கார்பரோவில் ஒரு ஜூன்: ராப்டர்ஸ் கோப்பை வென்ற நாட்கள்

ஜூன் 2, 2019, ஞாயிறு. ஸ்கார்பரோ

டொரன்டோவுக்கு வந்தது தம்பி வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, நயாகராவையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான். வந்து இறங்கினால், நயாகரா என்று ஒன்று இருப்பதே ஊரில் யாருக்கும் நினைவில்லை. கார் ஜன்னல்களில் ராப்டர்ஸ் கொடி பறக்கிறது. பஸ்சின் நெற்றிப் பலகையில் வழித்தட எண் மறைந்து 'கோ ராப்டர்ஸ் கோ' என்று ஓடுகிறது. அது ஓடி முடித்து எண் வருவதற்குள் பஸ்சே போய்விடுகிறது. இன்று காலை அப்படி ஒரு பஸ்சை விட்டேன்.

ராப்டர்ஸ் 1995இல் தொடங்கிய டொரன்டோ கூடைப்பந்து அணி. வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் இறுதித் தொடருக்கு வருவது இதுதான் முதல் முறை. எதிரே கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். தொடர்ந்து ஐந்தாவது ஆண்டாக இறுதிக்கு வந்திருக்கிறார்கள், அதில் மூன்று கோப்பை ஏற்கெனவே கையில். ஏழு ஆட்டத்தில் முதலில் நான்கு ஜெயிப்பவருக்குக் கோப்பை. வியாழக்கிழமை நடந்த முதல் ஆட்டத்தை ராப்டர்ஸ் 118-109 என்று வென்றிருந்தார்கள். கேமரூனிலிருந்து வந்த பாஸ்கல் சியாகம் 17 முறை எறிந்து 14 முறை உள்ளே போட்டார். அதைப் பற்றி எனக்குச் சொல்லாத ஆளே இந்தத் தெருவில் இல்லை.

இரண்டாவது ஆட்டம் இன்று இரவு. தம்பி மனைவியின் அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே வந்த நாளிலிருந்து டாக்சி ஓட்டுகிறார். ராப்டர்ஸ் ஆட்டங்களைப் பெரும்பாலும் கார் ரேடியோவில் கேட்டே வளர்ந்த ரசிகர். நான் அவரை மாமா என்கிறேன், அவர் என்னைப் பிள்ளை என்கிறார். வீட்டின் பேஸ்மென்டில் பெரிய டிவி, பழைய சோபா, நடுவில் ஒரு தட்டு நிறைய ஆட்டிறைச்சி ரோல்ஸ். மார்க்கம் ரோட்டுக் கடையில் வாங்கியது, ஒன்று ஒன்றேகால் டாலர். மொறுமொறு தோலுக்குள் மிளகும் உருளைக்கிழங்கும் இறைச்சியும். திருச்சியில் இந்தக் கடை இருந்தால் நான் சாப்பாடு சமைக்கவே மாட்டேன்.

ஆட்டம் நம் பக்கம் இருந்தது, இடைவேளை வரை. ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவது குவார்ட்டர் தொடங்கியதும் வாரியர்ஸ் தொடர்ந்து 18 புள்ளி எடுத்தார்கள். அந்த நேரத்தில் ராப்டர்ஸ் ஒன்றுகூட எடுக்கவில்லை. மாமா ரோல்சைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

எனக்குப் பிடித்தது கடைசிக் கட்டம்தான். வாரியர்ஸின் க்ளே தாம்சன் தொடைத் தசை பிடித்து வெளியே போய்விட்டார். கெவின் டுரான்ட் கெண்டைக்கால் காயத்தால் மே 8லிருந்தே இல்லை. மிச்சமிருந்த பெரிய ஷூட்டர் ஸ்டெஃப் கரி மட்டும். உடனே ராப்டர்ஸ் கோச் நிக் நர்ஸ் 'பாக்ஸ் அண்ட் ஒன்' போட்டார். ஒருவர் கரியோடு ஒட்டிக்கொள்வார், மற்ற நால்வர் கூடையைச் சுற்றிச் சதுரமாக நிற்பார்கள். நான் கல்லூரி டீமில் ஆடிய காலத்தில் எதிரணியில் ஒருத்தி மட்டும் நன்றாக ஆடினால் எங்கள் கோச் இதைத்தான் சொல்வார். பள்ளிக்கூட மைதானத்து வித்தை. அதைக் கோடிகள் புரளும் இறுதித் தொடரில் கூச்சமில்லாமல் இறக்கினார் மனிதர். வாரியர்ஸ் ஐந்து நிமிடத்துக்கும் மேல் புள்ளியே எடுக்க முடியாமல் திணறினார்கள். ஆனாலும் கடைசி விநாடிகளில் அவர்களின் இக்வடாலா தூரத்திலிருந்து ஒரு த்ரீ பாயிண்டர், அதாவது மூன்று புள்ளி எறி, போட்டு முடித்துவிட்டார். 109-104, வாரியர்ஸ்.

"பள்ளிக்கூடப் பெடியள் ஆடுற மாதிரி ஆடுறாங்கள்" என்று மாமா எரிச்சலோடு எழுந்துபோனார். எனக்கு அதுதான் பிடித்தது என்று சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஜூன் 3, திங்கள். டவுன்டவுன்

காய்கறி வாங்கப் போனதை யாராவது பயணக் கட்டுரையில் எழுதுவார்களா? இந்தக் கடையைப் பற்றி எழுதலாம். கார்ல்டன் தெருவில் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்று பழைய ஐஸ் ஹாக்கி அரங்கம். அதன் கீழ்த்தளம் இப்போது ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட், மேலே பல்கலைக்கழக விளையாட்டுக் கூடம். 25ஆம் வரிசையில், டப்பா அடுக்குகளுக்கு நடுவே, தரையில் ஒரு சிவப்பு வட்டம். ஹாக்கித் தரையின் நடுப்புள்ளி அங்கேதான் இருந்ததாம். சீஸ் மட்டுமே ஒரு சுவர் முழுக்க அடுக்கியிருக்கிறார்கள்.

இன்றைக்கு என்பிஏ தன்னுடைய முதல் ஆட்டம் என்று கணக்கில் வைத்திருப்பது இந்தக் கட்டடத்தில்தான் நடந்தது. 1946 நவம்பர் 1, டொரன்டோ ஹஸ்கீஸும் நியூயார்க் நிக்கர்பாக்கர்ஸும். டொரன்டோ 66-68 என்று தோற்றது. வட்டத்தின் மேல் நின்று படம் எடுத்தேன். தள்ளுவண்டியோடு வந்த ஒரு அம்மாள், "ஸாரி" என்று சொல்லி, படம் எடுத்து முடியும் வரை காத்திருந்தார். வழியை அடைத்துக்கொண்டு நின்றது நான், மன்னிப்புக் கேட்டது அவர். இந்த ஊரில் இப்படித்தான்.

பக்கத்தில் ஒரு கடையில் மருமகனுக்கு ராப்டர்ஸ் டீ-ஷர்ட். சீட்டில் 35 டாலர். கவுண்டரில் 13 சதவீதம் வரி சேர்ந்து ஏறக்குறைய நாற்பது. விலையைச் சீட்டிலேயே முழுதாகப் போட்டால் என்ன குறைந்துவிடும் இவர்களுக்கு?

ஜூன் 5, புதன். நயாகரா

அருவியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். படகில் சிவப்பு மழைக்கோட்டு கொடுக்கிறார்கள், அக்கரையில் அமெரிக்கப் படகில் நீலம். அருவிக்குக் கீழே போனதும் கோட்டு போட்டும் போடாத மாதிரிதான். டிக்கெட் முப்பது டாலரைத் தொடும். மதியம் பூட்டின் சாப்பிட்டோம். உருளைக்கிழங்கு வறுவலின் மேல் சீஸ் கட்டிகளைப் போட்டுச் சூடான குழம்பை ஊற்றித் தருகிறார்கள். முதல் பத்து வாய் அபாரம். அப்புறம் குழம்பு ஆறிவிடும், வறுவல் ஊறிவிடும், கையை வைக்க மனசு வராது.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. ஏதோ விபத்து. மூன்றாவது ஆட்டம் ஒன்பது மணிக்கு, அதற்குள் வீடு போய்ச் சேர முடியாது. மாமாவுக்கு அதில் வருத்தமே இல்லை. ரேடியோவைத் திருப்பிவிட்டு இருக்கையில் சாய்ந்துகொண்டார். அவருக்குப் பழக்கமான வழியில் எனக்கும் ஒரு ஆட்டம் வாய்த்தது. பந்து கையை விட்டதும் வர்ணனையாளர் குரல் ஏறும், வளையத்தில் பட்டால் பாதியில் விழும், உள்ளே போனால் நம்மைச் சுற்றி நிற்கிற கார்களிலிருந்து ஹாரன். பக்கத்துக் காரில் ஒரு பையன் ஒவ்வொரு த்ரீ பாயிண்டருக்கும் எங்களைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினான்.

கரி தனியாளாக 47 புள்ளி எடுத்தும் வாரியர்ஸ் தோற்றார்கள், 123-109. தாம்சன் ஆடவில்லை. ஆட விரும்பினாராம், ஆனால் அவர்கள் கோச் ஸ்டீவ் கெர் பெரிய காயமாகிவிடுமோ என்று உட்கார வைத்துவிட்டார். தோல்வியைத் தாங்கிக்கொண்டு ஆளைக் காப்பாற்றுகிற கோச்சை நான் நேரில் பார்த்ததில்லை. என் கல்லூரி நாட்களில் முட்டியில் வீக்கம் என்றால், வலியெல்லாம் மனசில்தான் என்று பாண்டேஜைச் சுற்றி உள்ளே அனுப்புவார்கள். அந்த முட்டிதான் இன்று நயாகராவின் படிகளில் என்னை நிற்கவைத்து நிற்கவைத்துக் கூட்டிப்போனது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ரேடியோவில் முழுதாகப் புரியாத ஒன்றை டிவியில் பார்த்தோம். பந்தைத் துரத்தி முன்வரிசை நாற்காலிகளுக்குள் விழுந்த ராப்டர்ஸின் கைல் லவ்ரியை ஒரு ஆள் தோளில் கைவைத்துத் தள்ளினார். வாரியர்ஸின் பங்குதாரர்களில் ஒருவராம். லவ்ரி கையை ஓங்கவில்லை. நடுவரிடம் சொல்லிவிட்டு ஆடப் போய்விட்டார்.

ஜூன் 7, வெள்ளி. ஆல்மான்ட்

தம்பிக்கு லீவு இல்லை. மாமாவும் நானும் மட்டும். அவர்தான் கூப்பிட்டார்: "பந்து விளையாடின பிள்ளை, இதைக் கண்டுபிடிச்ச ஆளின்ர ஊரைப் பாக்காமல் போறதே?"

ஒட்டாவாவுக்குப் பக்கத்தில் ஆல்மான்ட். ஸ்கார்பரோவிலிருந்து நாலு மணி நேரத்துக்கும் மேல் ஓட்டம். வழி நெடுக ஏரியும் பாறையும் மரமும்தான், ஊர் என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை. ஆல்மான்ட் ஒரு சின்ன ஊர். ஆறு, அதில் அருவி, ஆற்றங்கரையில் பழைய கம்பளி ஆலைக் கட்டடங்கள். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1861இல் இந்தப் பக்கத்தில் பிறந்தவர். மில் ஸ்ட்ரீட்டில் அவருக்கு ஒரு வெண்கலச் சிலை, உட்கார்ந்த கோலத்தில். யாரோ அதற்கு ராப்டர்ஸ் துண்டு போர்த்தியிருந்தார்கள்.

1891 டிசம்பரில், மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார் நெய்ஸ்மித். பனிக்காலம், வெளியே ஆட முடியாது, பையன்கள் அடங்கவில்லை. உள்ளே ஆட ஒரு ஆட்டம் வேண்டும் என்றார் தலைமை. இரண்டு பீச் பழக் கூடைகளைப் பத்தடி உயரத்தில் அடித்தார். 13 விதி எழுதினார். பக்கத்துக்கு ஒன்பது பேர். பந்து விழுந்தால் ஏணி வைத்து எடுக்கவேண்டும். சிறு வயதில் இந்த ஊரில் பாறை மேல் கல்லை வைத்து எறிந்து தட்டும் ஒரு விளையாட்டு ஆடியிருக்கிறார். வேகமாக எறிந்தால் குறி தப்பும், மெல்ல வளைத்துப் போட்டால்தான் படும். கூடையை ஆள் உயரத்தில் வைக்காமல் தலைக்கு மேல் வைத்ததற்கு அந்த யோசனைதான் காரணம். அடிதடி வேண்டாம், கை நயம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அந்தப் பத்தடி இன்றைக்கும் மாறவில்லை.

சிலைக்கு எதிரே ஒரு சின்னக் கடையில் சூப்பும் ரொட்டியும். பரிமாறிய பெண் மாமாவின் தொப்பியைப் பார்த்துவிட்டு, காபிக்குக் காசு வேண்டாம் என்றார். மாமா அந்தக் காசையும் சேர்த்து டிப்ஸ் வைத்தார்.

இரவு நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் தங்கல். அறையில் இருந்த டிவியில் அந்த சேனல் வரவில்லை. வரவேற்பறைக்குப் போய்க் கேட்டோம். கவுண்டரில் இருந்த இளைஞர், குஜராத்தி, தன் சீரியலை நிறுத்திவிட்டு மாற்றிக் கொடுத்தார். நான்கு லாரி டிரைவர்கள், நாங்கள், அவர். நான்காவது ஆட்டத்தில் ராப்டர்ஸின் ஃப்ரெட் வான்வ்லீட்டின் முகத்தில் முழங்கை பட்டு, கண்ணுக்குக் கீழே கிழிந்து, பல் உடைந்து, ரத்தத்தோடு தரையில் கிடந்தார். ஏழு தையல். அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2016இல், ஒரு அணியும் எடுக்காத ஆள் அவர். அதே அணியின் கவாய் லெனர்ட் 36 புள்ளி. ராப்டர்ஸ் 105-92. இப்போது 3-1.

லாரி டிரைவர் ஒருவர் கவாயைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு மாமா நீளமாகத் தலையாட்டினார். போன சீசனில் தொடைக் காயத்தால் சான் அன்டோனியோ அணிக்காக ஒன்பதே ஆட்டம் ஆடியவர் கவாய். அவரை வாங்க, ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய டிமார் டிரோசனைக் கொடுத்தார்கள். வாங்கிய பிறகும் சீசனின் 82 ஆட்டத்தில் 60தான் ஆடவிட்டார்கள். மீதி 22 ஆட்டத்தில் பெரும்பாலானவற்றில் ஓய்வு.

"காசு குடுத்து டிக்கெட் எடுத்துப் போனால் அவன் கோட்டுப் போட்டுக்கொண்டு இருக்கிறான். நானும் ஏசினனான் பிள்ளை" என்றார் மாமா. இன்றைக்கு மற்றவர்கள் காலை இழுத்துக்கொண்டு ஓடும்போது நிற்கிறவர் அவர்தான் என்றேன். மாமா பதில் சொல்லவில்லை. நாற்காலியிலிருந்து எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

ஜூன் 8, சனி. திரும்பும் வழி

நான் பாதி தூரம் ஓட்டட்டுமா என்றால் விடவில்லை. இந்த ஊர் லைசென்ஸ் எனக்கு இல்லை என்பது அவருக்கு நல்ல சாக்கு. ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் நிறுத்தி, இறங்கி, காரைச் சுற்றி ஒரு நடை. "எனக்கொண்டுமில்லை" என்கிறார். வீட்டில் இறங்கியதும் மகளிடம் திட்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை விமான நிலையச் சவாரி ஒன்று ஒப்புக்கொண்டிருக்கிறாராம், அதையும் விடமாட்டாராம்.

ஜூன் 10, திங்கள். ஜுராசிக் பார்க்

இன்றைக்கு ஜெயித்தால் கோப்பை. அரங்கத்துக்குள் போக நான் கேட்ட விலை, கூரையை ஒட்டிய கடைசி வரிசைக்கே ஆயிரம் டாலருக்கு மேல். அதனால் தம்பியும் நானும் அரங்கத்துக்கு வெளியே உள்ள சதுக்கத்துக்குப் போனோம். பெரிய திரை வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. ஜுராசிக் பார்க் என்று பெயர். நாங்கள் போனது மாலை ஐந்து மணிக்கு. உள்ளே இடம் எப்போதோ நிரம்பிவிட்டது. சிலர் முந்தின நாளே வந்து தெருவில் படுத்திருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் கூடுதலாக வைத்திருந்த திரைக்கு முன் நின்றோம். மழை தூறி நின்றது, தூறி நின்றது. என் செருப்பு நனைந்து, ஆட்டம் தொடங்குவதற்குள் வார் பிய்ந்தது. பக்கத்தில் நின்ற சீக்கியப் பையன் தன் பையிலிருந்து ஒட்டு டேப்பை எடுத்துச் சுற்றிக் கொடுத்தான். டேப் எதற்குக் கொண்டுவந்தாய் என்றேன். பதாகை ஒட்ட என்றான். அவன் அம்மா கட்டிக் கொடுத்த சமோசாவில் எங்களுக்கு இரண்டு. திரையில் தலைப்பாகையோடு நவ் பாட்டியா வந்தபோது அவன் போட்ட விசில் இன்னும் காதில் இருக்கிறது. அவர் 1995லிருந்து சொந்த மண் ஆட்டம் ஒன்றுகூட விடாமல் முன்வரிசையில் இருப்பவர்.

டுரான்ட் திரும்பி வந்தார். ஒரு மாதத்துக்கும் மேல் ஆடாதவர், வந்ததும் மூன்று த்ரீ பாயிண்டர் எறிந்து மூன்றும் உள்ளே. 12 நிமிடத்தில் 11 புள்ளி. தம்பி தலையில் கைவைத்தான். இரண்டாவது குவார்ட்டரில் பந்தைத் தட்டிக்கொண்டு இடம் மாறும்போது, யாரும் தொடாமல், வலது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குதிகாலுக்கு மேலே கையை வைத்துத் தடவிப் பார்த்தார். குதிகால் தசைநார் போய்விட்டது என்பது, விளையாடியவர்களுக்கு அந்தக் கை எங்கே போகிறது என்று பார்த்தாலே தெரியும்.

என்னைச் சுற்றிக் கைதட்டல். சிலர் கையை ஆட்டி வழியனுப்பினார்கள். அரங்கத்துக்குள்ளும் அதுதான் நடந்தது என்று திரையில் தெரிந்தது. இத்தனை நாளும் வழிவிட்டு, கதவைப் பிடித்து, தப்பே செய்யாமல் மன்னிப்புக் கேட்ட ஊர். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ராப்டர்ஸின் லவ்ரியும் இபாக்காவும் டேனி கிரீனும் கூட்டத்தைப் பார்த்து, நிறுத்துங்கள் என்று கையைக் காட்டினார்கள். எங்கள் தெருவில் அந்த வேலையைச் செய்தது எழுபது வயது இருக்கும் ஒரு பாட்டி. முன்னால் கைதட்டிய பையனின் முதுகில் குடைக்கம்பால் ஒரு குத்து. அவன் திரும்பிப் பார்த்தான். அவர் ஒன்றும் சொல்லாமல் திரையைக் காட்டினார். டுரான்ட் நொண்டிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார், பக்கத்தில் கரி நடந்தார். பையன் கையை இறக்கிவிட்டான்.

கடைசியில் கவாய் தனியாளாகத் தொடர்ந்து பத்துப் புள்ளி எடுத்து 103-97 என்று ஆக்கினார். தெரு குதித்தது. மூன்று நிமிடம் ஐந்து விநாடி மிச்சம். அப்போது நர்ஸ் டைம்அவுட் கேட்டு ஆட்டத்தைச் சற்று நிறுத்தினார். மூன்று நிமிடத்துக்குள் போய்விட்டால் கையில் மிச்சமிருக்கும் டைம்அவுட் வீணாகும், ஆட்களும் களைத்திருக்கிறார்கள், கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் என்பது அவர் கணக்கு. திரும்பி வந்ததும் தாம்சன் ஒன்று, கரி ஒன்று, மறுபடி தாம்சன் ஒன்று, எல்லாம் த்ரீ பாயிண்டர். 106-105, வாரியர்ஸ். கடைசி விநாடியில் மூலையிலிருந்து லவ்ரி எறிந்த பந்தில் வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீனின் விரல்நுனி பட்டது. டிவியில் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள்.

சப்வேயில் அத்தனை கூட்டம், பேச்சில்லை. பாதி வழியில் சிக்னல் கோளாறு என்று ரயில் நின்றது. வீடு வர ஒன்றரை மணி.

ஜூன் 11, செவ்வாய்

காலையில் மாமா புட்டும் மீன் குழம்புமாக மேசையில் காத்திருந்தார். சண்டைக்கு.

"ஓய்வு ஓய்வு எண்டு சொன்னியள். ஓய்வு குடுத்துத்தான் தோத்தவங்கள். ஓடுற மாட்டை ஆரும் நிப்பாட்டுவினமே?"

நியாயமான கேள்விதான். நேற்று இரவு முழுக்க நானும் அதையே யோசித்தேன். எனக்குத் தோன்றுவது இது: ஓய்வை நவம்பரிலும் ஜனவரியிலும் கொடுத்துவிட வேண்டும். ஜூனில் மூன்று நிமிடம் இருக்கும்போது கொடுத்தால் அது ஓய்வு இல்லை, தடங்கல். டுரான்ட்டுக்கு நடந்தது இதன் மறுபக்கம். அவரைக் கூட்டிவரக் கோப்பை கைநழுவும் வரை காத்திருந்து, கைநழுவப் போகிறது என்றதும் இறக்கினார்கள். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை என்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்து டீம் தோற்பதைப் பார்க்கிறவரைக் கட்டாயப்படுத்த வேறு ஆள் தேவையில்லை. வாரியர்ஸ் நிர்வாகி பாப் மையர்ஸ் நேற்று நிருபர்கள் முன்னால் அழுதார்.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். குழம்பை ஊற்றியபடியே, "அப்ப நவம்பர்ல ஓய்வெடுக்கிறன்" என்றார். மகள் சிரிக்கவில்லை.

ஊரில் ரசிகர்கள் சிலர் கைதட்டியதற்காக வெட்கப்பட்டு, டுரான்ட்டின் அறக்கட்டளைக்குப் பணம் திரட்டத் தொடங்கியிருக்கிறார்களாம்.

ஜூன் 13, வியாழன். பேஸ்மென்ட்

ஆட்டம் ஓக்லண்டில், ஆரக்கிள் அரங்கத்தில் வாரியர்ஸின் கடைசி ஆட்டம். அடுத்த சீசனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவில் புது அரங்கம். எங்கள் பேஸ்மென்டில் பக்கத்து வீட்டுப் பிலிப்பினோ குடும்பம், எதிர்வீட்டு ஜமைக்கா அண்ணன், மாமாவின் டாக்சி நண்பர்கள் இருவர். கொத்து ரொட்டி ஒரு பெரிய அலுமினியத் தட்டில், இன்னொன்றில் பிலிப்பினோ நூடுல்ஸ். ஜமைக்கா அண்ணன் கொத்தின் காரம் போதவில்லை என்று தன் வீட்டுக்குப் போய் ஒரு பாட்டிலோடு வந்தார்.

லவ்ரி முதல் 11 புள்ளியையும் தானே எடுத்தார். இத்தனை ஆண்டு இந்த அணியில் பெரிய ஆட்டத்தில் காணாமல் போகிறவர் என்று பேச்சு வாங்கியவர்.

மூன்றாவது குவார்ட்டர் முடியப்போகும்போது தாம்சன் பாய்ந்து பந்தைப் போடப் போய், இறங்கிய விதத்தில் இடது முட்டி திரும்பிவிட்டது. அதுவரை 28 புள்ளி எடுத்திருந்தார். தூக்காத குறையாக உள்ளே கூட்டிப்போனார்கள். எதிரணியின் தவறுக்காகக் கிடைத்த ஃப்ரீ த்ரோவை, அதாவது தடையில்லாமல் எறியும் வாய்ப்பை, எறியாமல் போனால் திரும்ப ஆட முடியாது என்பது விதி. பாதி வழியில் திரும்பி, நடந்து வந்து, இரண்டையும் உள்ளே போட்டுவிட்டு, தடுத்து ஆடவும் ஓடினார். முட்டியின் தசைநார் கிழிந்த காலோடு. அறையில் யாரும் கைதட்டவில்லை, யாரும் குதிக்கவில்லை. நான் என் முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதை நாளைக்கு வீரம் என்று ஆயிரம் பேர் எழுதுவார்கள். எனக்கு அந்த மனிதனை யாராவது பிடித்து உட்கார வைக்கமாட்டார்களா என்றிருந்தது.

நான்காவது குவார்ட்டரில் வான்வ்லீட் மட்டும் 12 புள்ளி, கண்ணுக்குக் கீழே தழும்போடு. 111-110. கரி எறிந்த த்ரீ பாயிண்டர் வளையத்தில் பட்டு வெளியே வந்தது. தரையில் பந்துக்கு அடித்துக்கொண்டதில் வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன் டைம்அவுட் கேட்டார். அவர்களிடம் மிச்சமில்லை. இல்லாத டைம்அவுட்டைக் கேட்டால் டெக்னிக்கல் ஃபவுல் என்ற தண்டனை, எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ. கவாய் ஃப்ரீ த்ரோக்களைப் போட்டு 114-110 என்று முடித்தார். தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே.

மருமகன் பத்து வயது, சோபாவின் கைப்பிடியில் தூங்கியிருந்தான். எழுப்பி மேலே தூக்கிப் போனோம். நள்ளிரவுக்கு மார்க்கம் ரோட்டில் கார்கள் நகரவில்லை. யாரும் நகர விரும்பவுமில்லை. ஹாரன், மேளம், சட்டியில் கரண்டி. மாமா டாக்சியின் கூரை விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தார். போலீஸ்காரர் ஒருவர் ஜன்னலுக்குள் கையை நீட்டி மாமாவின் உள்ளங்கையில் அடித்துவிட்டுப் போனார்.

ஜூன் 17, திங்கள். ஊர்வலம்

பத்து லட்சத்துக்கும் மேல் கூட்டம் என்கிறார்கள். யூனிவர்சிட்டி அவென்யூவில் காலை எட்டு மணிக்கு இடம் பிடித்தோம். மதியத்தில் ஆட்டக்காரர்களோடு வரவேண்டிய பஸ்கள் மணிக்கணக்கில் நகரவே இல்லை. வெயில். தண்ணீர் பாட்டில் ஐந்து டாலர். கழிப்பறை வரிசையில் நின்றால் இடம் போய்விடும். ஒரு வங்கி ஊழியர் தன் அலுவலகக் கதவைத் திறந்து குழந்தைகளை மட்டும் உள்ளே விட்டார்.

ஒருவழியாக வந்தார்கள். ராப்டர்ஸின் மார்க் கசோல் பஸ்சின் மேலே நின்று ஒயின் பாட்டிலை வாயில் சரித்துக்கொண்டிருந்தார். கவாய் மட்டும் அமைதி. 'இன்னும் ஐந்து வருஷம்' என்று கூட்டம் அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. சிரித்துக் கையை ஆட்டினார், அவ்வளவுதான்.

நகர மன்றச் சதுக்கத்தில் விழா நடக்கும்போது துப்பாக்கிச் சூடு, நான்கு பேருக்குக் காயம். நாங்கள் அங்கே போகவில்லை. ஆனால் கூட்டம் ஓடிவருவதைப் பார்த்தோம். தம்பி மருமகனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு கட்டட இடுக்கில் நின்றான். முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்று, மோதவந்தவர்களைத் திருப்பிவிட்டார். நன்றி சொல்லத் திரும்பினால் ஆளைக் காணோம்.

ஜூலை 6, சனி. திருச்சி

காலை பதினொன்றரைக்கு மாமாவின் வாட்ஸ்அப் குரல். அங்கே விடிகாலை இரண்டு மணி. கவாய் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குப் போகிறார். டுரான்ட் புரூக்ளினுக்குப் போகிறார் என்று போன வாரமே வந்துவிட்டது, குதிகால் ஆறும் வரை ஆடப்போவதில்லை.

குரல் பதிவு நாலு நிமிடம். முதல் நிமிடம் கவாய்க்குத் திட்டு. இரண்டாவது நிமிடத்தில், கலிபோர்னியாதானே அவன் சொந்த ஊர், தாயோட இருக்கட்டும் என்கிறார். மூன்றாவதில் டாக்டர் இடுப்புக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பதாகவும், தேதி நவம்பரில்தான் கிடைத்திருக்கிறது என்றும், அது நான் சொன்ன மாதமே என்றும் சிரிப்பு. பிறகு பின்னால் மகள் குரல், இந்த நேரத்தில் ஆரோட கதைக்கிறியள் என்று. மிச்ச நேரம் முழுக்க அந்த டைம்அவுட்டைப் பற்றித்தான்.